மலர் கொய்யத் தயங்கிய கை: தாயுமானவர்

கிழக்குக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனை கோடியக்கரை. அதற்கு வடக்கே, அண்மையில் உள்ளது வேதாரணியம் என்னும் திருமறைக்காடு. அவ்வூர்க் கேடிலியப்ப பிள்ளையின் மைந்தரே தாயுமானவர்.

கேடிலியப்பர் தம் தலைமகனைத் தமையனாருக்குத் தத்துக் கொடுத்தார். பின்னர் அரசுப் பணியின் பொருட்டுத் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தபோது, மலைக்கோட்டை இறைவனை வேண்டிப் பெற்ற மகனுக்கு அவ்விறைவன் பெயரையே சூட்டினார் என்பது மரபுவழிச் செய்தி. தந்தைக்குப்பின் தாயுமானவர் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் (1706-1732) பணியாற்றினார். மௌனகுருவின் அருளைப் பெற்றார். நாயக்கர் மறைந்தபின் பதவியைத் துறந்தார். மட்டுவார்குழலியை மணந்து, கனகசபாபதி என்னும் மகனைப் பெற்றார். மனைவியார் மறைந்தபின் துறவு பூண்டு, இராமநாதபுரத்தில் நிறைவெய்தினார்.

வேண்டுதலின் பயனாய்ப் பிறந்து, இறைவனின் பெயரையே தாங்கிய இவர்தாம் புறவழிபாட்டை நோக்கி வினா எழுப்பினார். மலரினுள்ளும் இறைவனே நிறைந்திருக்க, அம்மலரைக் கொய்து அவனுக்கே சாத்துவது எங்ஙனம் என்று அவர் தயங்கினார். வணங்கும் தம் உள்ளத்திலும் அவனே இருத்தலின், தம் கும்பிடு பாதிக் கும்பிடாகவே அமையும் என்று நாணினார். சொற்போருக்கே பயன்படும் கல்வியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அத்தகைய கற்றோரினும் கல்லாதவரே மேல் எனக் கருதிய அவர், கற்றோர் வரிசையில் தம்மையே முதலில் நிறுத்தினார்.

ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் புலவர் செனோபனீசு, மனிதர் தம் உருவிலும் தம் குற்றங்களோடும் தெய்வங்களைப் படைத்துக்கொண்டனர் எனச் செய்யுளில் சாடினார். அவர் கண்டனம் முன்னோர் புனைந்த கதைகளை நோக்கியது. தாயுமானவரின் கண்டனமோ தம் நெஞ்சையே நோக்கியது.

அவர் சைவ மரபினின்றும் விலகியவர் அல்லர். வேதாந்தமும் சித்தாந்தமும் ஒன்றுபடும் சமரசமே அவர் நாடியது. ஆயினும் அவர் ஏற்றிய விளக்கின் ஒளி அம்மரபின் எல்லையோடு நிற்கவில்லை. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு (1792-1838), தாயுமானவர் கையாண்ட பராபரக்கண்ணி வடிவிலேயே ஏக இறைவனைப் பாடினார். இசுலாமியத் தமிழ் இலக்கியம் பயிலும் நாம் இத்தொடர்பை மறத்தலாகாது.

பிறர் வழிபாட்டை எள்ளுதல் எளிது. தம் வழிபாட்டில் உண்மை உளதா எனத் தம்மையே வினவுதல் அரிது. அரியதைச் செய்தமையாலன்றோ தாயுமானவரின் குரல் சமய எல்லைகளைக் கடந்து இன்றும் கேட்கப்படுகிறது! மாணவச் செல்வங்கள் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.