ஏழா, ஒன்பதா? முத்துசுவாமி தீட்சிதர் பேரில் இருக்கும் பாட்டெல்லாம் அவர் எழுதியதுதானா?

ஆரணி, செய்யாறு பக்கம் நெய்த பட்டுச்சேலையில் ‘காஞ்சிபுரம்’ என்று லேபிள் ஒட்டினால் எப்படி இருக்கும்? சேலை நல்ல சேலைதான். ஆனால் நெய்தவருக்குப் பேர் போய்ச் சேராது. இசையிலும் இதே சிக்கல் உண்டு. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் கதையைப் பார்த்தால் இது புரியும்.

யார் இவர்?

1775-ல் திருவாரூரில் பிறந்தவர். அப்பா ராமசுவாமி தீட்சிதரும் பெரிய இசைக்காரர். ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தில் கேட்கிறோமே ‘வாதாபி கணபதிம்’, அது அப்பா கொடுத்த ராகத்தில் மகன் போட்ட பாட்டு.

இளம் வயதில் குடும்பம் சென்னைக்குப் பக்கத்து மணலிக்கு வந்தது. பிறகு குருவோடு காசிக்குப் போய் சில வருஷம் தங்கினார். திரும்பி வந்து திருத்தணியில் முதல் பாட்டு. அப்புறம் ஊர் ஊராகக் கோயில்கள். செய்யாறிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கும் காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். திருவண்ணாமலைக்கும் பாட்டு உண்டு: சாரங்கா ராகத்தில் ‘அருணாசலநாதம்’.

வெள்ளைக்காரன் மெட்டும் உண்டா?

உண்டு. மணலியில் குடும்பத்தை ஆதரித்தவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு இருந்தது. அந்த வழியில் கோட்டையில் வாசித்த பேண்ட் இசை அண்ணன் தம்பிகள் காதில் விழுந்தது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். இன்று கச்சேரி மேடையில் வயலின் இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டார். அவைதான் ‘நோட்டு ஸ்வரங்கள்’. பிரிட்டிஷ் ராஜ வாழ்த்துப் பாட்டின் மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ இருக்கிறது. இதில் ஒளிவுமறைவு இல்லை. மெட்டு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போ குழப்பம் எங்கே?

1835-ல் தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் தீட்சிதர் காலமானார். அவர் பாட்டுகள் சீடர்கள் வாய் வழியாகவே வாழ்ந்தன. சுமார் 70 வருஷம் கழித்து, 1904-ல்தான் பாலுசுவாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரிய புத்தகத்தில் அவற்றை ஸ்வரக் குறிப்போடு அச்சில் கொண்டுவந்தார். அதில் சுமார் 230 பாட்டுகள். பின்னால் வந்த தொகுப்புகளில் எண்ணிக்கை 450-ஐத் தாண்டிவிட்டது.

‘குருகுஹ’ என்று முத்திரை இருந்தால் அவர் பாட்டுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அவரிடம் படித்த தஞ்சை நால்வரும் குருவை நினைத்துப் பாடிய பாட்டுகளில் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். முத்திரையை மட்டும் நம்பினால் சீடர் பாட்டு குரு கணக்கில் ஏறிவிடும்.

நல்ல உதாரணம் நவகிரகப் பாட்டுகள். வயிற்றுவலியில் துடித்த சீடர் தம்பியப்பனுக்காக வியாழன் மேல் பாட ஆரம்பித்தார் என்பது பரம்பரைக் கதை. 1904 புத்தகத்தில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு பாட்டுகள்தான். ராகு, கேது இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஏழும் ஏழு அடிப்படைத் தாளங்களில், ஒன்றுக்கு ஒன்றாக அமைந்தவை. ஏழு கிழமை, ஏழு தாளம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ராகு, கேது பாட்டுகள் பின்னால் யாரோ சேர்த்தவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவது இதனால்தான்.

நம்ம ஊரில் மட்டுமா?

இல்லை. மொஸார்ட்டின் 37-ஆம் சிம்பொனி என்று ரொம்ப நாள் வாசித்தது மிக்கேல் ஹைடன் எழுதியது. மொஸார்ட் சேர்த்தது மெதுவான முன்னுரைப் பகுதி மட்டும். அவர் கையெழுத்தில் பிரதி இருந்ததால் வந்த குழப்பம். 1907-ல்தான் உண்மை தெரிந்தது. 37 என்ற இடம் இன்றும் காலி.

அதனால் என்ன?

ராகு, கேது பாட்டைக் கேட்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர் பேர் ஒட்டினால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதைப் போட்ட இன்னொருவர் காணாமல் போய்விடுவார். அடுத்த முறை ஆப்பில் ‘தீட்சிதர்’ என்று தேடும்போது, அந்தப் பாட்டு 1904 புத்தகத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் அது போலி என்று அர்த்தமில்லை. ஆனால் போட்டது யார் என்று கேட்கலாம்.