ஓர் 'எல்' குறைத்த மனிதர்

'டிராவல்' என்ற ஆங்கிலச் சொல்லுடன் 'இங்' சேர்த்து எழுதிப் பாருங்கள். எத்தனை 'எல்' போட்டீர்கள்? இரண்டு என்றால், அது பிரிட்டன் முறை. நம் பள்ளிகளில் சொல்லித் தருவதும் அதுதான். ஒன்று என்றால், அது அமெரிக்க முறை. அந்த ஓர் எழுத்தைக் குறைத்தவர் நோவா வெப்ஸ்டர்.

இவர் 1758-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் பிறந்தார். தந்தை விவசாயி. மகன் யேல் கல்லூரியில் படிப்பதற்காக நிலத்தையே அடமானம் வைத்தார். 1778-ல் நோவா பட்டம் பெற்றபோது சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. தந்தையால் கொடுக்க முடிந்தது எட்டு டாலர் நோட்டு ஒன்றுதான். போரினால் அதற்கும் மதிப்பு குறைந்திருந்தது. இனி சொந்தக் காலில் நிற்க வேண்டியதுதான்!

நோவா ஆசிரியரானார். பிள்ளைகள் பிரிட்டன் புத்தகங்களைப் படிப்பது அவருக்கு உறுத்தியது. புதிய நாட்டுக்குச் சொந்தப் பாடநூல் வேண்டாமா? 1783-ல் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. பிறர் அனுமதியின்றி அச்சிடாமல் தடுக்க, மாநிலம் மாநிலமாகச் சென்று காப்புரிமைச் சட்டம் கேட்டுப் போராடினார்.

அடுத்த ஆசை, அகராதி! 1806-ல் சிறிய அகராதி ஒன்றை வெளியிட்டார். பிறகு பெரிய அகராதி வேலையைத் தொடங்கினார். சொற்களின் பிறப்பைத் தேடி 20-க்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்றார். அவர் சொன்ன சொற்பிறப்பு விளக்கங்கள் பல தவறு என்று பிற்கால அறிஞர்கள் கண்டார்கள். ஆனால், சொற்களுக்கு அவர் எழுதிய பொருள் விளக்கங்கள் இன்றும் பாராட்டப்படுகின்றன.

எழுத்துக்கூட்டலிலும் ஒழுங்கைத் தேடினார். 'பிகின்' என்ற சொல்லில் கடைசி அசையை அழுத்திச் சொல்கிறோம். அதனால் 'இங்' சேரும்போது 'என்' இரட்டிக்கிறது. 'ஓபன்' என்பதில் முதல் அசைக்குத்தான் அழுத்தம். அதனால் 'என்' இரட்டிப்பதில்லை. 'டிராவல்' என்பதிலும் முதல் அசைக்குத்தானே அழுத்தம்? அதற்கு மட்டும் எதற்கு இரண்டு 'எல்'? இதுதான் அவருடைய கணக்கு. 'மியூசிக்' என்ற சொல்லின் கடைசியில் அந்நாளில் எழுதிய 'கே'யையும், 'கலர்' என்ற சொல்லில் இருந்த 'யு'வையும் நீக்கினார். எல்லாமே எடுபடவில்லை. 'டங்' (நாக்கு) என்பதை ஒலிக்கிறபடியே நான்கு எழுத்தில் எழுதலாம் என்றார், மக்கள் ஏற்கவில்லை.

1828-ல் சுமார் 70,000 சொற்களுடன் பெரிய அகராதி வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 70! விலை 20 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. விற்பனை மந்தம். ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. மகனுக்காகத் தந்தை நிலத்தை அடமானம் வைத்தார் அல்லவா? மகன் இரண்டாம் பதிப்புக்காகத் தன் வீட்டை அடமானம் வைத்தார். அது 1841-ல் வெளியானது.

1843-ம் ஆண்டு மே 28-ம் தேதி வெப்ஸ்டர் காலமானார். அகராதியின் உரிமையை மெரியம் சகோதரர்கள் வாங்கினார்கள். 'மெரியம்-வெப்ஸ்டர்' என்ற பெயரில் அந்த அகராதி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இனி ஏதாவது புத்தகத்தில் ஓர் 'எல்' குறைந்திருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வில் மட்டும் உங்கள் பாடநூலில் உள்ளபடியே எழுதுங்கள்!