பண்டிதமணி க. அயோத்திதாசர்

புதியதொரு மார்க்கம் தோன்றுமாயின், அதனை நிறுவியவர் யார், அதனால் எளியோர் பெற்ற பயன் யாது என்று உலகத்தார் வினவுவர். தமிழ்ப் பௌத்தத்தைப் பற்றி இவ்வாறு வினவுவோர்க்குப் பண்டிதமணி அயோத்திதாசரின் வாழ்க்கையே தக்க விடையாகும்.

1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிறந்த இப்பெரியார்க்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். கல்வி புகட்டிய ஆசானிடத்துக் கொண்ட பேரன்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். பன்மொழிப் புலமையோடு சித்த வைத்தியத்திலும் தேர்ந்து விளங்கினார். 1870-இல் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அங்கே கூட்டி, கல்வியும் பொதுக்கிணற்று உரிமையும் வேண்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார்.

அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில், ஒடுக்கப்பட்டோர்க்குச் சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் திறக்கப்படலாகாதோ என்று கேட்டார். கிராமத்துச் சிறு தெய்வங்களே உங்களுக்குரியவை என்னும் கருத்துப்பட மறுமொழி கிடைத்தது. அங்ஙனமாயின் அச்சாமிகள் எமக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், தரிசு நிலமும் அளியுங்கள் என்று கேட்டார். தாழிட்ட கதவின்முன் காத்து நிற்றலைக் கைவிட்ட நாள் அதுவே.

1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது.

தாம் புதுமதம் கண்டதாகப் பண்டிதர் ஒருபோதும் உரைத்தாரல்லர். நம் முன்னோர் பௌத்தராயிருந்தனர், சாதியை ஏற்காமையால் தாழ்த்தப்பட்டனர், இழந்த வீட்டிற்கே மீள்கின்றோம் என்பதே அவர் போதனை. அவர் எழுதிய வரலாற்றுச் செய்திகள் அனைத்தையும் இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. ஆயினும், பிறர் இட்ட இழிபெயரைச் சுமந்தவர்கள் தம் பெயரைத் தாமே கூறத் துணிந்தது அப்போதனையாலன்றோ? 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தம்மைப் பௌத்தரென்றே பதியுமாறு அவர் மக்களைத் தூண்டியதும் இக்கருத்துப் பற்றியே.

அற்புதம் காட்டி ஆள் சேர்த்த இயக்கமன்று இது. வாரந்தோறும் அறவுரை, பிள்ளைகளுக்குப் பள்ளி, புரோகிதரின்றித் திருமணம், இறந்தோர்க்கு மரியாதையான அடக்கம் ஆகியவற்றால் வளர்ந்தது. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், ஹூப்ளி, இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழர் பிழைக்கச் சென்ற இடமெல்லாம் கிளைகள் எழுந்தன. பகலெல்லாம் சுரங்கத்தில் உழைத்தோர் மாலையில் விகாரையில் அமர்ந்து தம்மம் கேட்டனர்.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். எனினும் 1926-இல் கோலார் அன்பர்கள் ‘தமிழனை’ மீண்டும் வெளியிட்டனர். அவருடைய சங்கத்தில் உடனுழைத்த பேராசிரியர் இலட்சுமி நரசு 1907-இல் எழுதிய பௌத்த நூலை, 1948-இல் பாபாசாகேப் அம்பேத்கர் மறுபதிப்புச் செய்வித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தீட்சை பெறுதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, தமிழ் மண்ணில் அவ்வழி வெட்டப்பட்டிருந்தது.

ஆகவே, கல்யாணிலும் தாராவியிலும் வாழும் தமிழ் மக்களே, தம்மம் நமக்கு இரவற்பொருளன்று. எந்த மார்க்கத்தையும் அதன் கூட்டத்தின் பெருமை கொண்டு அளவாதீர். அதனை ஏற்றவன் மறுநாள் தலைநிமிர்ந்து நடக்கின்றானா, அவன் குழந்தை பள்ளி செல்கின்றதா என்று பாருங்கள். பண்டிதமணி நமக்கு விட்டுச் சென்ற அளவுகோல் அதுவே.