அமிலத்தை அளந்த அறிஞர்

நம் லோத்குண்டாவுக்கு மேற்கே சில மைல் தொலைவில் ஜீடிமெட்லா தொழிற்பேட்டை இருக்கிறது. ஆலைக் கழிவு நீரை ஆற்றிலோ ஏரியிலோ விடவேண்டுமானால், அதன் பி.எச். 5.5-க்கும் 9-க்கும் இடையே இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் பொது விதி. பரிசோதனைச் சாலையில் நாம் அன்றாடம் உச்சரிக்கும் அந்த அளவை உலகுக்கு அளித்தவர் டென்மார்க் நாட்டு ரசாயன அறிஞர் சோரன்சன்.

அவர் 1868-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் கற்க எண்ணிக் கோபன்ஹேகன் பல்கலைக் கழகம் புகுந்தவரை, ரசாயனம் தன் பக்கம் இழுத்துக் கொண்டது. 1901-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் ரசாயனப் பகுதிக்குத் தலைவரானார். பீர் வடிக்கும் ஆலையின் அதிபர் நிறுவிய கூடம் அது. ஆயினும், அங்கே காணும் உண்மை எதையும் மறைத்து வைத்தல் ஆகாது என்பது அதன் விதி!

என்ஸைம்களை ஆராய்ந்த சோரன்சனுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. கரைசலில் சேர்த்த அமிலம் எவ்வளவு என்ற கணக்கு அவருக்குப் போதவில்லை. அதில் விடுபட்டு உலவும் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு என்பதே வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் வாயு தழுவிய பிளாட்டின மின்வாயைக் கரைசலில் அமிழ்த்தி, மாறாத மின்னழுத்தமுள்ள மற்றொரு மின்வாயோடு இணைத்து அளந்தார். அயனிச் செறிவு பத்து மடங்கு மாறும்போதெல்லாம் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறுகிறது. அந்தப் பத்து மடங்கையே ஒரு படியாக வைத்து 1909-இல் பி.எச். அளவை வெளியிட்டார். அளப்பவர் எவரும் சரிபார்த்துக் கொள்ளத்தக்க தாங்கல் கரைசல்களையும் உடன் வகுத்துக் கொடுத்தார்.

அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹேபரும் கிளெமென்சீவிச்சும் கண்ணாடி மின்வாயைப் பற்றி எழுதினர். 1934-இல் அமெரிக்காவில் பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்கென மின்பெருக்கியோடு கூடிய கருவியை அமைத்தார். அதன் பின்னர் பி.எச். அளவி ஆலைகளிலும் புகுந்தது.

குரோமிய முலாம் பூசும் பட்டறையின் கழிவு நீரைப் பாருங்கள். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் கொடிய நஞ்சு. முதலில் அமில நிலையில் அதை மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்க வேண்டும். பிறகு காரம் சேர்த்து வீழ்படிவாக்க வேண்டும். அமிலம் போதுமா என்பதைக் கண்ணாடி மின்வாய் கூறும். ஒடுக்கம் முடிந்ததா என்பதை, ரெடாக்ஸ் மின்னழுத்தத்தை அளக்கும் பிளாட்டின மின்வாய் காட்டும். ஒன்று பிழைத்தாலும் நஞ்சு நீரோடு போய்விடும்.

நோபெல் பரிசு பெறாமலே 1939-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் சோரன்சன் மறைந்தார். ஆனால், அவருடைய எண் வாழ்கிறது.

நண்பர்களே, மின்வாயில் அழுக்குப் படியும். நாளடைவில் அதன் அளவும் நழுவும். அதைக் கழுவித் தாங்கல் கரைசலில் சரிபார்க்காமல் எழுதும் எண் வெறும் மை. நம்முள் சிலர் நாளை அந்த ஆலைகளில் பதிவேட்டின் முன் அமரப் போகிறோம். உள்ளதை உள்ளபடி எழுதுவதே அந்த உழவர் மகனுக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த நீர் சென்று சேரும் வயல்களின் உழவர்க்கும் அதுவே நாம் செய்யும் கடமை.