கண்ணைப் பறித்தவரே கோலும் கொடுத்தார்!

குழந்தைக்கு உடம்பு தேறினால் குலதெய்வத்துக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருப்பீர்கள். வேலை, பள்ளிக்கூடம் என்று அது தள்ளிக்கொண்டே போயிருக்கும். அப்புறம் வீட்டில் யாராவது தும்மினால்கூட, சாமிக்கு நம் மேல் கோபமோ என்று மனசு பதறும். சொன்னபடி நடந்தால்தான் இறைவன் நம்மிடம் அன்பு காட்டுவாரா? தவறினால் உதறிவிடுவாரா?

இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமா? சுந்தரமூர்த்தி நாயனாரின் வாழ்க்கையைப் பாருங்கள்.

சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தவர் சுந்தரர். அவருடைய திருமண நாளில், முதியவர் வேடத்தில் வந்த ஈசன், ஓர் ஓலையைக் காட்டி இவன் என் அடிமை என்று வழக்காடினார். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரோ அவரைப் பித்தன் என்று ஏசினார். ஏசியவரைத்தான் ஈசன் வலிய ஆட்கொண்டு, தம் தோழனாகவே ஆக்கிக்கொண்டார். கவனித்தீர்களா? கீழ்ப்படிதல் வருவதற்கு முன்பே அன்பு வந்துவிட்டது!

திருவாரூரில் பரவையாரை மணந்தார் சுந்தரர். பிறகு திருவொற்றியூர் சென்றபோது, இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு மனம் பறிகொடுத்தார். தோழனுக்காக ஈசனே சங்கிலியாரின் கனவில் தோன்றிப் பேசினார். ஆரூரில் மனைவி இருக்கிறாரே என்று அந்தப் பெண் தயங்க, உன்னைப் பிரிய மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்வான் என உறுதி தந்தார்.

இங்கேதான் சுந்தரர் ஒரு தந்திரம் செய்தார். நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில், நீங்கள் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருங்கள் என்று ஈசனிடமே கேட்டுக்கொண்டார். சரி என்ற ஈசன், நேரே சங்கிலியாரின் கனவுக்குப் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் கேள் என்று சொல்லிவிட்டார்! மறுநாள் வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்தார் சுந்தரர்.

மாதங்கள் ஓடின. திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வர, மனம் அங்கே பறந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் இருண்டுபோயின.

தோழன் என்று பார்த்து ஈசன் விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விட்டிருந்தால், அவர் வார்த்தையை நம்பிக் கழுத்தை நீட்டிய சங்கிலியாருக்கு என்ன பதில்? அவரும் ஈசனின் பிள்ளைதானே! பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்கு ஈசனே சாட்சி. தண்டனை அதற்காகத்தான். அன்பு வற்றியதால் அல்ல.

தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்த சுந்தரர், கோயிலுக்குள்ளே இருக்கிறீரா என்று ஈசனைக் கேட்டார். இருக்கிறோம், நீ போய் வா என்று யாரோ போலப் பதில் வந்தது. ஆனால் கையில் ஓர் ஊன்றுகோலும் வந்தது! கண்ணைப் பறித்த கைதான் அவர் விழாமல் நடக்கக் கோலும் கொடுத்தது. காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தது. வழியெல்லாம் சுந்தரர் அழுதார், உரிமையோடு சண்டை போட்டார். பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கதை இதோடு முடியவில்லை. சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டுப் பரவையார் கதவடைத்தார். தோழனுக்காக ஈசன் நள்ளிரவில் ஆரூர் வீதியில் தூது நடந்தார். முதலில் அர்ச்சகர் வேடத்தில் போய், பரவையார் மறுத்துவிட வெறுங்கையோடு திரும்பினார். பிறகு சுய உருவில் மீண்டும் போய்ச் சமாதானம் செய்துவைத்தார். சத்தியத்தை மீறியவருக்காகப் பரமன் இரண்டு முறை வாசல்படி ஏறினார் என்றால், அந்த அன்பை எதைக் கொடுத்து வாங்க முடியும்?

திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டதால், கோயில் இப்போது திருவள்ளூர் அருகே பூண்டியில் இருக்கிறது. ஊன்றீஸ்வரர் என்பது சுவாமியின் திருநாமம். கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டு ஒடிந்ததாகச் சொல்லப்படும் நந்தியின் கொம்பையும் அங்கே காணலாம். திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. ஆடி சுவாதி, சுந்தரரின் குருபூஜை நாள்.

சகோதரிகளே! பாக்கியிருக்கும் வேண்டுதலை இந்த மாதமே நிறைவேற்றி விடுங்கள். கொடுத்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால், சாமி கைவிட்டு விடுவார் என்ற பயத்தோடு போகாதீர்கள். நாம் தாமதித்த நாட்களிலும் நம் கையில் ஏதோ ஒரு கோலைக் கொடுத்து நடத்தி வந்தவர் அவர்தான். அந்த நன்றியோடு போய் வாருங்கள்!