ஹியூம்: பாடநூலில் இல்லாத பக்கங்கள்

இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால், உயர்நிலைப் பள்ளி மாணவன்கூட ஏ.ஓ. ஹியூம் என்று தயங்காமல் சொல்லிவிடுவான். அது ஒரு மதிப்பெண் வினா. அந்த ஒரு மதிப்பெண்ணை நானும் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதரை நான் அறிந்துகொண்டது வங்கக் கடலில், ஒரு கப்பலின் மேல்தளத்தில்தான். அந்தக் கதையை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. அப்பா தறி ஓட்டுகிறார். சித்தப்பா பல ஆண்டுகளாக அந்தமானில் கட்டட வேலை செய்கிறார். சென்ற பருவத் தேர்வு விடுமுறையில் அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். சென்னையிலிருந்து பறவை பார்க்க ஒரு குழு அங்கு வந்திருந்தது. மொத்தம் பதினான்கு பேர். தலைவர், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர். அவர்களுக்குச் சாமான் தூக்கவும் துறைமுகத்தில் வரிசையில் நிற்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. சித்தப்பா என்னை அனுப்பி வைத்தார்.

அன்று எங்கள் பயணம் போர்ட் பிளேரிலிருந்து சின்ன அந்தமானில் உள்ள ஹட் பே வரை. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் சித்தப்பாவின் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. விடியுமுன் துறைமுகம் சென்று கப்பலேறினோம். துறைமுக வாயிலில் வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று வட்டமிட்டது. எல்லாருடைய பைனாகுலரும் மேலே திரும்பின. அதற்குப் பிறகு இரண்டு ஆலாக்கள், சில பறக்கும் மீன்கள், அவ்வளவுதான். மணிக்கணக்கில் நீலத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்துவிட்டார்கள். தீவுக்கும் தீவுக்கும் இடைப்பட்ட பயண நாள் என்பது பறவை பார்ப்பவருக்கு வீண் நாள்தானோ என்று நான் எண்ணினேன். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட பேராசிரியர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இதே கடலில் 1873ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பறவைக் குழு தீவு தீவாகச் சென்றது என்றும், அதன் தலைவர் ஹியூம் என்றும் கூறினார். எனக்கு வியப்புத் தாங்கவில்லை. காங்கிரஸ் ஹியூமா என்று கேட்டேன். அவரேதான்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829இல் பிறந்தார். தந்தை ஜோசப் ஹியூம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சீர்திருத்தத்திற்காக வாதாடியவர். மகன் மருத்துவமும் கற்று, கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியிலும் பயின்று, 1849இல் இந்தியா வந்தார். வட இந்தியாவில் எட்டாவா மாவட்டத்தில் பணியமர்ந்தார். அங்கே அவர் செய்த முதற்பெரும் வேலை பள்ளிக்கூடம் திறந்தது. 1857 தொடக்கத்திற்குள் அம்மாவட்டத்தில் 181 இலவசப் பள்ளிகள் இயங்கின. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். சாராய வருமானத்தை அரசு நம்பி வாழ்வது பாவம் என்று மேலிடத்திற்கே எழுதிய அதிகாரி அவர்.

அதே ஆண்டு பெருங்கிளர்ச்சி வெடித்தது. ஹியூம் எட்டாவாவை விட்டு ஆக்ரா கோட்டையில் தஞ்சம் புக நேர்ந்தது. அதுவரை அவர் சேர்த்து வைத்திருந்த பறவைச் சேகரிப்பு முழுவதும் அந்தக் கலகத்தில் அழிந்தது. வேறொருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். ஹியூம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

1871இல் வைசிராய் மேயோ பிரபு வேளாண்மைக்கென ஒரு துறையை ஏற்படுத்தி, ஹியூமை அதன் செயலாளராக்கினார். மறு ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், அந்தமானைப் பார்வையிட வந்த மேயோ, ஷேர் அலி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த இடம், நாங்கள் புறப்பட்ட அதே துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள ஹோப் டவுன். தம்மை உயர்த்திய தலைவர் மாண்ட ஓராண்டிற்குப் பிறகு, அதே துறைமுகத்திற்கு ஹியூம் பறவை தேடி வந்தார்.

அவர் தனியாக வரவில்லை. நில அளவியல் துறையைச் சேர்ந்த ஸ்டோலிஸ்கா, வாலண்டைன் பால் ஆகிய இருவரும், கல்கத்தா அருங்காட்சியகத்தின் வுட்-மேசனும் உடன் வந்தார்கள். ஒருவர் பாறையைப் பார்ப்பார். ஒருவர் பூச்சியையும் நண்டையும் பார்ப்பார். ஹியூம் பறவையைப் பார்ப்பார். நிக்கோபார் தீவுகள் வரை அவர்களுடைய பயணம் நீண்டது. பயண நாள்களில் அவர்களுக்கு ஓய்வு இருந்திருக்காது என்றார் பேராசிரியர். அந்தக் காலத்தில் பறவையை ஆராய்வது என்றால் சுட்டு வீழ்த்துவதுதான். வெப்பநாட்டில் ஒரே நாளில் உடல் அழுகிவிடும். ஆகவே அன்றன்றே தோலை உரித்து, ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சை அடைத்து, இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் காலில் கட்ட வேண்டும். சீட்டில்லாத தோல் வெறும் இறகு மூட்டைதான். எங்கே, எப்போது என்ற இரண்டு சொற்களே அதை அறிவியலாக்குகின்றன. இந்தச் செய்தி என் மனத்தில் ஆழப் பதிந்தது.

அந்த 1873ஆம் ஆண்டிலேயே நார்கொண்டம் இருவாச்சியை அறிவியல் உலகிற்கு முதன்முதலில் விவரித்தவர் ஹியூம். நார்கொண்டம் ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புள்ள ஓர் எரிமலைத் தீவு. அந்த இருவாச்சி இந்தப் பூமியில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. அந்தமானின் சிறிய ஆந்தை ஒன்றிற்கு ஹியூம் தம் தோழர் பாலின் பெயரைச் சூட்டினார். இன்றும் அது அந்தப் பெயரோடுதான் இரவில் கூவுகிறது. ஸ்டோலிஸ்கா மறு ஆண்டே லடாக் மலைகளில், ஓர் ஆய்வுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோனார். ஹியூம் 1875இல் மீண்டும் கப்பலேறினார். அம்முறை இலட்சத்தீவுகள். கலங்கரை விளக்கத்திற்கு இடம் பார்ப்பது அலுவல். பறவை பார்ப்பது ஆசை. இரண்டையும் அவர் குறைவின்றிச் செய்தார்.

பயணங்களைவிடப் பெரியது அவர் நடத்திய பத்திரிகை. ஸ்ட்ரே ஃபெதர்ஸ், அதாவது உதிர்ந்த இறகுகள் என்னும் பொருள்படும் பெயரில் 1872இல் அதைத் தொடங்கினார். நாடெங்கும் இருந்த இரயில்வே ஊழியர், மருத்துவர், காட்டிலாகா அதிகாரி, படைவீரர் எனப் பலரும் தாம் கண்ட பறவைகளைப் பற்றி அவருக்கு எழுதினார்கள். கூடு எந்த மரத்தில், முட்டை என்ன நிறம், எந்த மாதம் வந்தது, எப்போது போனது என்று ஆளுக்கொரு துளியாக வந்தவற்றைச் சேர்த்து அவர் ஆறாக்கினார். சிம்லாவில் ராத்னி காசில் என்ற அவருடைய மாளிகை, பறவைத் தோல்கள் நிறைந்த அருங்காட்சியகமாகவே மாறியது.

அரசின் போக்கு தவறென்று கண்டால் அதை முகத்திற்கு நேரே சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு. அதன் பலனாக 1879இல் செயலாளர் பதவி பறிபோனது. 1882இல் ஓய்வு பெற்றார். இனி முழுநேரமும் பறவைகளுக்கே என்று இருந்தவருக்கு அடுத்த இடி வந்தது. இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூல் ஒன்றிற்காகப் பல்லாண்டுகள் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படிகளை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வேலையாள் ஒருவன் பழைய காகிதமாக விற்றுவிட்டான். கால் நூற்றாண்டு உழைப்பு கடைவீதியில் பொட்டலம் மடிக்கப் போய்விட்டது! பெருமழையில் மலை சரிந்து அருங்காட்சியகமும் சேதமுற்றது. வண்டுகள் அரித்துப் பல்லாயிரம் தோல்கள் நாசமாயின. ஹியூம் மனமுடைந்தார். அந்நூலை அவர் பிறகு எழுதவே இல்லை.

இந்த இடத்தில் நான் எழுந்து கப்பலின் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றுவிட்டேன். காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதல் எங்கள் ஊர் ஏரியில் பார்த்த பறவைகளை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். எந்த ஆண்டு ஏரி நிரம்பியது, முக்குளிப்பான் எப்போது குஞ்சு பொரித்தது, தூக்கணாங்குருவி எந்தப் பனையை விட்டு எந்தக் கிணற்றடிக்கு மாறியது என்றெல்லாம் அதில் இருந்தது. ஒரு போகிக்கு முந்தைய நாள் வீட்டை ஒழித்தபோது, அம்மா பழைய பாடநோட்டுகளோடு அதையும் பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். எடைக்கு எட்டு ரூபாய் வந்தது. அம்மாவைக் கோபித்து என்ன பயன்? அந்த நோட்டு என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. அன்று முதல் நான் ஒரு வரியும் எழுதவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பேராசிரியர் மீதிக் கதையைச் சொன்னார்.

ஹியூம் தம்மிடம் எஞ்சியிருந்த அனைத்தையும் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்திற்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து பவுட்லர் ஷார்ப் என்ற அறிஞர் சிம்லாவிற்கே வந்து பெட்டி கட்டினார். சுமார் 82,000 மாதிரிகள், 47 பெரிய தேவதாரு மரப்பெட்டிகளில், மாட்டுவண்டி ஏறி மலையிறங்கின. இதற்குள் ஹியூம் சைவ உணவுக்கு மாறியிருந்தார். பறவைகளைச் சுடுவதையும் வெறுத்தார். எத்தனை ஆயிரம் உயிர்களை மாய்த்துவிட்டு வந்த மனமாற்றம் என்று நமக்குக் கசக்கலாம். கசக்கத்தான் வேண்டும். ஆயினும் அந்தச் சேகரிப்பு செய்த தொண்டையும் மறைக்க முடியாது. 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் அவர் எடுத்த ஒரே ஒரு நாணல் கதிர்க்குருவி, அதன் இனத்திற்கே நூறாண்டுகளுக்கு மேல் தனிச்சான்றாக இருந்தது. 2006இல் தாய்லாந்தில் உயிரோடு ஒரு பறவை வலையில் சிக்கியபோது, அது அதே இனம்தான் என்று உறுதிப்படுத்த அந்தப் பழைய தோலே உதவியது. சிம்லா வீட்டிலேயே இருந்திருந்தால் அதுவும் வண்டுக்கு இரையாகியிருக்கும்.

பறவைக்குச் செய்ததையே அவர் மனிதர்க்கும் செய்தார். 1883 மார்ச் முதல் நாள், கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். நாட்டின் நன்மைக்காகத் தன்னலம் துறக்க ஐம்பது பேராவது முன்வரக் கூடாதா என்பதே அதன் சாரம். படித்தவர்களே வசதியைத் தேடிப் போய்விட்டால் இந்நாட்டிற்கு விமோசனம் ஏது என்று அதில் இடித்துரைத்தார். ஊர் ஊராகக் கடிதம் எழுதுவது, ஆங்காங்கே சிதறிக் கிடப்பவர்களை ஒன்று கூட்டுவது, கருத்துகளைத் தொகுத்து அச்சிடுவது ஆகிய கலைகளைப் பறவைப் பத்திரிகையில் அவர் ஏற்கெனவே பழகியிருந்தார். 1885 டிசம்பர் 28ஆம் நாள் பம்பாயில் 72 பேர் கூடினார்கள். தலைமை வகித்தவர் உமேஷ் சந்திர பானர்ஜி. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் தமிழ்நாட்டின் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஹியூம் பல ஆண்டுகள் அதன் பொதுச் செயலாளராக உழைத்தார்.

1894இல் இங்கிலாந்து திரும்பினார். முதுமையில் தாவரங்களின் மேல் ஆர்வம் கொண்டு, 1910இல் தென் லண்டனில் பொதுமக்களுக்காக ஒரு தாவரவியல் நிலையத்தை நிறுவினார். 1912 ஜூலை 31ஆம் நாள் மறைந்தார். அவர் முதன்முதலில் பள்ளி திறந்த எட்டாவாவில், செய்தி கேட்டுக் கடைகளை அடைத்தார்கள்.

கதை முடிந்தபோது சின்ன அந்தமான் பச்சைக் கோடாகத் தெரிந்தது. படுத்திருந்தவர்களும் எழுந்து பைனாகுலரைத் துடைத்தார்கள். எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஹியூம் தம் அலமாரியில் தனியாகப் பூட்டி வைத்தது பொட்டலக் காகிதமாயிற்று. அச்சிட்டதும், பிறரோடு சேர்ந்து செய்ததும், பிறர் கையில் கொடுத்ததுமே நின்றன. இருவாச்சி நின்றது, பாலின் ஆந்தை நின்றது, காங்கிரசும் எழுந்தது. என் நோட்டை அழித்தது போகி அன்று. அதை நான் யாருக்கும் காட்டாததே.

ஊர் திரும்பியதும் புது நோட்டு வாங்கினேன். இம்முறை அம்மாவையும் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். எனக்குத் தெரியாத ஓர் ஆள்காட்டி முட்டையை, உழவோட்டிய வயலில் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அதை அவர் பெயரோடு முதல் பக்கத்தில் எழுதினேன்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி, சோளிங்கர் பக்கமிருந்தும் ஆந்திர எல்லைக் கிராமங்களிலிருந்தும் வருகிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஏரி இருக்கிறது, மலையடிவாரம் இருக்கிறது. நம் கல்லூரி நூலகத்தில் பொதுப் பறவைப் பதிவேடு ஒன்றை வைத்தால் என்ன? எங்கே, எப்போது, என்ன, கண்டவர் யார் என்று நான்கே பத்திகள் போதும். தெலுங்கில் பெயர் தெரிந்தவர் தெலுங்குப் பெயரைச் சொல்லட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதட்டும். கைப்பேசியில் பதிவு செய்பவர்கள் அதையும் செய்யட்டும். விலங்கியல் துறை ஆசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஹியூம் ஐம்பது பட்டதாரிகளைக் கேட்டார். நான் பத்து மாணவர்களைக் கேட்கிறேன். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.