தகப்பன் பெயர் அறியாத பேராசிரியர்

கல்லூரிப் பட்டம் இல்லாத ஒருவர் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆக முடியுமா? எரிக் எரிக்சன் 1960-ல் ஆனார். மனித மனத்தின் வளர்ச்சியைப் பற்றி அவர் பாடம் சொன்னார்.

அவர் 1902-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தாய் டென்மார்க் தேசத்து யூதப் பெண்மணி. தகப்பன் யார் என்பது எரிக்சனுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. அவருக்கு மூன்று வயதானபோது தாயார் ஒரு குழந்தை வைத்தியரை மணந்தார். அவரையே பெற்ற தகப்பன் என்று சொல்லிப் பையனை வளர்த்தார்கள்.

பையனோ நீலக் கண்ணும் பொன்னிற முடியுமாக நெடுநெடுவென்று வளர்ந்தான். ஜெபாலயத்தில் அந்நியன் என்று கேலி. பள்ளிக்கூடத்தில் யூதன் என்று ஏளனம். எங்கே போய் ஒட்டுவது?

வாலிபத்தில் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார். 1927-ல் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கேதான் பிராய்டின் மகள் அன்னாவிடம் மனோதத்துவம் பயின்றார். நடனக் கலை அறிந்த ஜோனை மணந்ததும் அந்த நகரில்தான். 1933-ல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டில், குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். அந்நாட்டுப் பிரஜையானபோது எரிக்சன் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் என்று பொருள். தமக்குத் தாமே தகப்பன் ஆகிவிட்டார்!

1950-ல் வந்த ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்ற நூல் அவரைப் பிரசித்தமாக்கியது. பிராய்டின் வழி வந்தவர்கள் பிள்ளைப் பருவத்தையே பெரிதாகப் பேசிவந்தார்கள். எரிக்சன் தொட்டில் முதல் முதுமை வரை எட்டுப் படிகள் வகுத்தார். பெற்ற தாய், பள்ளித் தோழன், மணத்துணை, தான் வளர்த்து ஆளாக்கும் அடுத்த தலைமுறை என்று வயதுக்கு வயது உறவு மாறும். அந்தந்த உறவு அமைவதைப் பொறுத்தே மனத்தின் நலம். முதற்படி, தாயின் மடியில் குழந்தைக்கு உண்டாகும் நம்பிக்கை.

இந்த நூல் உருவாகி வந்த காலத்தில்தான் அவர் வீட்டில் அது நடந்தது. 1944-ல் டவுன் நோய்க்குறியுடன் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்காலத்து வழக்கப்படி, பிறர் யோசனையைக் கேட்டு, அதை ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டார். மற்றப் பிள்ளைகளிடம் குழந்தை இறந்துவிட்டது என்றார். அந்தப் பிள்ளை சுமார் இருபது ஆண்டு உயிரோடிருந்தான். தகப்பன் பெயரை மறைத்ததால் தாம் பட்ட வேதனை அவருக்கு மறந்தா போயிருக்கும்?

1962-ல் எரிக்சன் ஆமதாபாத் வந்தார். அங்கே 1918-ல் காந்தியடிகள் நடத்திய ஆலைத் தொழிலாளர் போராட்டம் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. பழைய ஆட்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். காந்தியடிகளைப் பற்றி 1969-ல் அவர் வெளியிட்ட நூல் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதன் நடுவே காந்திக்கே ஒரு கடிதம் எழுதுவதுபோல் ஓர் அத்தியாயம். ஊருக்கு அஹிம்சை போதித்தவர் சொந்த வீட்டாரிடம் கடுமை காட்டலாமா என்று அதில் கேட்டிருந்தார். கேட்டவர் யார் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

தள்ளாத வயதிலும் அவர் சும்மா இருக்கவில்லை. எண்பது வயதை எட்டிய 29 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து, மனைவியுடனும் மற்றொரு ஆராய்ச்சியாளருடனும் சேர்ந்து 1986-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1994-ல் காலமானார்.

ஜோன் 1997-ல் கணவரின் எட்டுப் படிகளுக்கு மேல் ஒன்பதாவது படி ஒன்றைச் சேர்த்தார். உடல் தளர்ந்து பிறர் கையை எதிர்பார்க்கும் வயது அது. தொட்டிலில் தொடங்கிய பழைய போராட்டங்கள் எல்லாம் அப்போது மீண்டும் தலைதூக்கும் என்று எழுதினார். அந்த ஆண்டிலேயே அவரும் மறைந்தார்.